பாடப்புத்தக கியூஆர் கோடுக்குள் இருக்கும் ‘ஆப்லெட்’: மீட்டர் கேஜ் போல நின்றுபோன தொழில்நுட்பம் தேனி மாணவியின் போனுக்கு வந்தது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு வீடு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம். அதில் ஒரு கியூஆர் கோடு. அப்பாவின் போனை வாங்கி ஸ்கேன் செய்கிறார். ஜியோஜீப்ரா என்ற தளத்தில் ஒரு பக்கம் திறக்கிறது. திரையில் ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டத்தைத் தொடும் இரண்டு கோடுகள்.

புள்ளியை விரலால் இழுத்தால் இரண்டு கோடுகளும் கூடவே நகர்கின்றன. நீளம் கூடுகிறது, குறைகிறது. ஆனால் எங்கே இழுத்தாலும் இரண்டு கோடுகளின் நீளமும் சமம். வெளிப்புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடுகள் சமம் என்று புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த தேற்றம், விரல் நுனியில் நடந்து காட்டுகிறது.

இது வீடியோ இல்லை. படமும் இல்லை. வெப் பக்கத்துக்குள் உட்காரவைத்த ஒரு குட்டி மென்பொருள். ஜியோஜீப்ரா உலகில் இதற்குப் பெயர் ‘ஆப்லெட்’.

ஐ.டி.யில் பத்து வருடமாவது வேலை பார்த்தவர்களிடம் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். “ஆப்லெட்டா? அது எப்பவோ செத்துப்போச்சே!” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அப்படியானால் மாணவியின் போனில் ஓடுவது என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், வெப் பக்கத்துக்குள் ஒரு மென்பொருளைப் பொதிந்து வைப்பது எப்படி, அது ஏன் ஒரு நாள் திடீரென நின்றுபோனது, எது தப்பித்தது என்ற முழுக் கதையும் கிடைக்கும். அச்சான புத்தகத்தில் இணைப்பைக் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே இந்தக் கதை நமக்கு முக்கியம்.

ஆப்லெட் என்றால் என்ன?

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டது. அப்போதைய வெப் பக்கங்களில் எழுத்தும் படமும்தான். எதையும் தொட்டு இழுக்க முடியாது, திரையிலேயே கணக்குப் போட முடியாது. ஜாவாவில் எழுதிய சின்ன மென்பொருளைப் பக்கத்துக்குள்ளேயே வைத்து ஓட்டலாம் என்று சன் காட்டியபோது, அது பெரிய அதிசயம். அந்தச் சின்ன மென்பொருள்தான் ஆப்லெட். முழு மென்பொருள் ‘அப்ளிகேஷன்’ என்றால், அதன் குட்டி ‘ஆப்லெட்’. அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் பிரவுசர், தன் 2-ஆம் பதிப்பிலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டது.

இதன் சூட்சுமம் இதுதான். ஜாவாவில் எழுதிய நிரல், விண்டோஸுக்கோ மேக்குக்கோ நேரடியாகப் புரியும் மொழிக்கு மாறாது. ‘பைட்கோட்’ என்ற நடு மொழிக்கு மாறும். அதைப் படித்து ஓட்ட ஒவ்வொரு கணினியிலும் ‘ஜாவா மெய்நிகர் இயந்திரம்’ என்ற மென்பொருள் தனியாக இருக்கவேண்டும். அது இருந்தால் போதும், எந்தக் கணினியிலும் அதே ஆப்லெட் ஓடும்.

அந்த ‘இருந்தால் போதும்’ என்ற நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

திராட்சையை ஒவ்வொன்றாக அனுப்புவார்களா?

ஒரு ஆப்லெட் என்பது பெரும்பாலும் ஒரே கோப்பு கிடையாது. ‘கிளாஸ்’ எனப்படும் நிரல் கோப்புகள் பல இருக்கும். கூடவே படங்கள், ஒலிகள். ஆரம்பத்தில் பிரவுசர் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. இருபது கோப்பு என்றால் இருபது நடை. போன் லைனில் கீச்சென்று கத்தி இணையும் டயல்-அப் காலத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சையை ஒவ்வொரு கொத்தாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் பிரவுசர்கள் செய்துகொண்டிருந்தன. 1997-ல் வந்த ஜாவா 1.1 இதற்கு ஒரு பெட்டியைக் கொடுத்தது. அதன் பெயர் ‘ஜார்’, அதாவது ஜாவா ஆர்க்கைவ். எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒரே பெட்டியில் அடைத்து, ஒரே நடையில் அனுப்பிவிடலாம்.

இந்த ஜார் கோப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அடிப்படையில் அது நாம் தினமும் பார்க்கும் ஜிப் கோப்புதான். கடைசியில் உள்ள ஜார் என்ற பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். கூடுதலாக ஒரு கோப்பு மட்டும் இருக்கும். அதன் பெயர் ‘மேனிஃபெஸ்ட்’. ஏலக்காய் மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி: இந்தப் பெட்டி எந்தப் பதிப்பு, இதற்கு என்ன அனுமதி வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பெட்டியை யார் கட்டினார்கள் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்துவிடலாம்.

பக்கத்தில் பதிப்பது எப்படி?

வெப் பக்கத்தை எழுதுபவர் செய்யவேண்டிய வேலை மிகக் குறைவு. ‘ஆப்லெட்’ என்றே பெயர் கொண்ட ஒரு ஹெச்டிஎம்எல் குறிச்சொல் இருந்தது. அதில் நான்கு விஷயம் சொன்னால் போதும். பெட்டியின் பெயர் என்ன, அதற்குள் எந்தக் கோப்பிலிருந்து தொடங்கவேண்டும், பக்கத்தில் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். வேண்டுமானால், தொடக்க மதிப்புகளையும் உள்ளே கொடுக்கலாம்: வட்டத்தின் ஆரம் இவ்வளவு, நிறம் இது என்பது மாதிரி.

இதில் முக்கியமான ஒரு வசதி இருந்தது. தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே ஒரு வாக்கியம் எழுதி வைக்கலாம். ஆப்லெட்டை ஓட்டத் தெரியாத பிரவுசர் வந்தால், அந்த வாக்கியம் திரையில் தெரியும். பலர் அங்கே எதையுமே எழுதவில்லை. அதனால்தான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் மென்பொருள் இருந்த இடத்தில் ஒரு வெற்றுச் சாம்பல் கட்டம் மட்டும் மிஞ்சியது. அங்கே என்ன இருந்தது என்று சொல்லக்கூட ஆளில்லை.

டெண்டர் போடவும் ஆப்லெட்தான்

இயற்பியல் விளையாட்டு, கணித வரைபடம், பங்குச்சந்தை நிலவரம் என்று ஆப்லெட் பல இடங்களில் ஓடியது. ஆனால் இந்தியாவில் நிறையப் பேர் ‘ஜாவா’ என்ற பெயரை முதன்முதலில் எரிச்சலோடு உச்சரித்தது அரசுத் தளங்களில்தான்.

தேனியில் ஒரு ஒப்பந்ததாரர் சாலைப் பணிக்கு மின்னணு டெண்டர் போடுகிறார் என்று வையுங்கள். தமிழ்நாடு அரசின் மின்கொள்முதல் தளம், மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளில் ஓடுகிறது. அதில் ஒப்பந்தப்புள்ளியில் டிஜிட்டல் கையொப்பம் போடவேண்டும். கையொப்பச் சாவி ஒரு யுஎஸ்பி டோக்கனில் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி இந்தக் கையொப்பம் சட்டப்படி செல்லும்.

சிக்கல் என்னவென்றால், சாதாரண வெப் பக்கத்தால் உங்கள் கணினியில் செருகிய டோக்கனைத் திறந்து சாவியைப் பயன்படுத்த முடியாது. முடியவும் கூடாது. ஏதோ ஒரு தளத்துக்குப் போனவுடனே அது உங்கள் கையொப்பத்தை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

சாதாரண ஆப்லெட்டுக்கும் இதே தடை உண்டு. அதைச் சுற்றி ஒரு வேலி போட்டிருப்பார்கள். ‘சாண்ட்பாக்ஸ்’ என்று பெயர். உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது, எந்த சர்வரிலிருந்து வந்ததோ அதனுடன் மட்டும்தான் பேசமுடியும். ஆனால் கையொப்பமிட்ட ஜார் பெட்டி என்றால் கதை வேறு. “இந்த மென்பொருளை ஓட்டலாமா?” என்று திரையில் ஒரு கேள்வி வரும். ‘ரன்’ என்று அழுத்திவிட்டால் வேலி திறந்துவிடும். அப்புறம் டோக்கனைத் தொடலாம், கோப்புகளையும் தொடலாம்.

மின்னணு டெண்டரும், வருமான வரித் தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடுவதும் பல ஆண்டுகள் இந்த வழியில்தான் நடந்தன. ஒரு கிளிக்கில் வீட்டுச் சாவியையே கொடுக்கும் ஏற்பாடு என்பதுதான் அதன் பலம். ஆபத்தும் அதேதான்.

2010-ல் நின்ற ரயிலும் 2015-ல் நின்ற ஆப்லெட்டும்

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகல ரயில் பாதையாக மாற்றப் போகிறோம் என்றார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். நடுவில் பதினோரு ஆண்டுக்கு மேல் பஸ்தான்.

அந்தப் பழைய ரயில்பெட்டிகள் கெட்டுப்போய் நிற்கவில்லை. 1,000 மி.மீ. தண்டவாளத்துக்குச் செய்த சக்கரம், 1,676 மி.மீ. தண்டவாளத்தில் ஓடாது. அவ்வளவுதான். ஆப்லெட்டுக்கும் அதே கதி. பெட்டி நன்றாகவே இருந்தது, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள்? முதல் காரணம் பாதுகாப்பு. பிரவுசருக்குள் ஜாவாவை ஓட்டிய ‘பிளக்-இன்’ என்ற இணைப்பு மென்பொருளில் அடுத்தடுத்து ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. வேலியைத் தாண்டி வெளியே வரும் வழிகளைத் திருடர்கள் கண்டுபிடித்தார்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது.

சன் நிறுவனத்தை 2010-ல் வாங்கியிருந்த ஆரக்கிள், கதவை இறுக்கியது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51, முறையான கையொப்பம் இல்லாத ஆப்லெட்களை இயல்பாகவே தடுத்தது. விதிவிலக்கு வேண்டும் என்றால், ஜாவா கன்ட்ரோல் பேனலில் ‘எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்’ என்ற இடத்தில் தள முகவரியைக் கையால் சேர்க்கவேண்டும். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் மறந்திருக்காது.

இரண்டாவது காரணம், உங்கள் கையில் இருக்கும் போன். ஐபோனின் பிரவுசரோ ஆண்ட்ராய்டின் பிரவுசரோ ஜாவா ஆப்லெட்டை எப்போதுமே ஓட்டியதில்லை. இந்தியாவில் பெரும்பாலானோர் இணையத்துக்குள் நுழைந்ததே போன் வழியாகத்தான். அவர்களுக்கு ஆப்லெட் பக்கங்கள் முதல் நாளிலிருந்தே சாம்பல் கட்டம்தான்.

மூன்றாவது காரணம், பிரவுசரே வளர்ந்துவிட்டது. ஹெச்டிஎம்எல்5, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை வைத்தே வரையலாம், இழுக்கலாம், ஒலி கொடுக்கலாம் என்ற நிலை வந்தபிறகு, வெளியிலிருந்து ஒரு பிளக்-இன் எதற்கு?

பிறகு வரிசையாக நடந்தது:

• 2015 ஏப்ரல்: குரோம் 42, இந்த வகை பிளக்-இன்களை இயல்பாகவே முடக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் குரோம் 45 முற்றிலுமாக நீக்கியது.

• 2017 மார்ச்: ஃபயர்ஃபாக்ஸ் 52, ஃப்ளாஷ் தவிர மற்ற பிளக்-இன்களைக் கைவிட்டது.

• 2017 செப்டம்பர்: ஜாவா 9, ஆப்லெட் வசதியை ‘இனிப் பயன்படுத்தவேண்டாம்’ பட்டியலில் சேர்த்தது.

• 2018 செப்டம்பர்: ஜாவா 11-ல் பிரவுசர் பிளக்-இன்னே இல்லை.

• 2022 ஜூன்: கடைசிப் புகலிடமாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது.

நடுவில் என்ன நடந்தது தெரியுமா? ஆப்லெட்டை நம்பியிருந்த அலுவலகங்கள், ‘டெண்டருக்கு மட்டும்’ என்று ஒரு கணினியை ஒதுக்கி வைத்தன. அதில் பழைய பிரவுசர், பழைய ஜாவா. ஆட்டோ அப்டேட் ஆஃப். யாரும் தொடக்கூடாது. பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த மாற்றம், டிஜிட்டல் கையொப்பம் போடும் கணினியையே அப்டேட் இல்லாத, பலவீனமான கணினியாக மாற்றிவிட்டது.

இன்றைய முறை வேறு. கையொப்பம் போட ஒரு தனி மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். டோக்கனைத் தொடும் வேலை அதனுடையது. பக்கம் ஆவணத்தைக் காட்டும், அந்த மென்பொருள் கையொப்பமிட்டுத் தரும். பக்கத்துக்குள் இருந்த பெட்டி, பக்கத்துக்கு வெளியே வந்துவிட்டது. வருமான வரித் துறையும் ஆப்லெட்டை விட்டுவிட்டு இதுபோன்ற தனி மென்பொருளுக்கு மாறியது.

அப்படியானால் ஜியோஜீப்ரா எப்படித் தப்பித்தது?

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்டர் என்ற மாணவர், 2001-ல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியதுதான் ஜியோஜீப்ரா. எழுதியது ஜாவாவில். ஆசிரியர்கள் தாங்கள் செய்த வரைபடத்தை, ஜார் பெட்டி வழியாக ஜாவா ஆப்லெட்டாகவே தங்கள் பக்கங்களில் பதித்தார்கள்.

ஜாவாவை பிரவுசர்கள் வெளியேற்றப் போவது தெரிந்தபோது, ஜியோஜீப்ரா குழுவிடம் பல ஆண்டு உழைப்பில் எழுதிய ஜாவா நிரல் குவிந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதுவது நடக்கிற காரியமா? அவர்கள் கூகுளின் ‘வெப் டூல்கிட்’ என்ற கருவியைப் பிடித்தார்கள். அது ஜாவா நிரலை எடுத்து ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றித் தரும். ஜாவாஸ்கிரிப்ட் ஓட எந்த பிளக்-இன்னும் வேண்டாம், பிரவுசரே போதும். பழைய ரயில்பெட்டிக்கு அகலப் பாதைச் சக்கரம் மாட்டிய கதை.

குரோம் கதவை மூடுவதற்கு முன்பே அவர்கள் இந்த வேலையில் இறங்கிவிட்டதால், ஆசிரியர்கள் உருவாக்கியிருந்த வரைபடக் கோப்புகள் வீணாகவில்லை. ‘ஆப்லெட்’ என்ற பெயரையும் அவர்கள் மாற்றவில்லை. அதனால்தான் தொழில்நுட்பம் போனபிறகும் பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகம் வந்தது 2019-ல். அதற்குள் ஜியோஜீப்ரா போனில் ஓடும் நிலைக்கு வந்திருந்தது. நான்கைந்து ஆண்டு முன்னால் அந்தப் புத்தகம் ஜாவா ஆப்லெட்டை நம்பி அச்சாகியிருந்தால், மாணவியின் போனில் தெரிந்திருப்பது சாம்பல் கட்டம் மட்டுமே.

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ திட்டமும் இதேபோலத் தப்பித்தது. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது இது. அதன் பழைய செயல்விளக்கங்கள் ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்தன. பலவற்றை ஹெச்டிஎம்எல்5-ல் புதிதாக எழுதினார்கள். எழுத முடியாமல் மிஞ்சிய ஜாவா செயல்விளக்கங்களை, ‘சீர்ப்ஜே’ என்ற கருவி மூலம் பிரவுசரிலேயே ஓட வைத்தார்கள்.

இன்றைக்கு ஒரு ஆப்லெட்டைப் பதிப்பது எப்படி?

உங்கள் பள்ளித் தளத்திலோ டியூஷன் பக்கத்திலோ இப்படி ஒன்றை வைக்க நினைத்தால், மூன்று வழி உண்டு.

முதல் வழி, ஐஃப்ரேம். உங்கள் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியாக வேறொரு தளத்தின் பக்கத்தைக் காட்டுவது. யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் வைப்பதும் இப்படித்தான். ‘ஷேர்’, ‘எம்பெட்’ என்று அழுத்தினால் கிடைக்கும் சின்ன நிரலை ஒட்டினால் வேலை முடிந்தது. ஐஃப்ரேமுக்கும் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. உள்ளே இருப்பது எதையெல்லாம் செய்யலாம் என்று நீங்களே வேலி போடலாம். குறை என்ன? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு உங்களுடையது இல்லை. அவர்கள் பூட்டினால் உங்கள் ஜன்னலும் இருட்டுதான்.

இரண்டாவது வழி, ஸ்கிரிப்ட். ஜியோஜீப்ரா தரும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை உங்கள் பக்கத்தில் அழைத்து, எந்த வரைபடம், எவ்வளவு அகலம், டூல்பார் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது. பழைய ஆப்லெட் குறிச்சொல்லில் கொடுத்த அதே விவரங்கள்தான், வேறு உடையில். உங்கள் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் வரைபடம் மாறவேண்டும் என்பதுபோன்ற வேலைக்கு இது ஏற்றது. ஆனால் இதிலும் முக்கியக் கோப்பு அவர்கள் சர்வரிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வழி, பெட்டியையே வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது. ஜியோஜீப்ரா தன் கணிதச் செயலிகளை ஒரே ஜிப் பொட்டலமாகத் தருகிறது. அதை டவுன்லோடு செய்து உங்கள் சர்வரில் விரித்து வைத்துவிட்டால், இணைய இணைப்பு இல்லாமலே ஆப்லெட் ஓடும். ஃபெட் இன்னும் எளிது. ஒரு செயல்விளக்கம் முழுவதும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடும். டவுன்லோடு செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் திறக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஜியோஜீப்ரா இலவசம் என்பது வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். கட்டணம் வாங்கும் கோச்சிங் சென்டர் என்றால், உரிம விதிகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

சிக்னல் இல்லாத மலையில் என்ன செய்வது?

தேனி மாவட்டத்தின் மேற்கே முழுக்க மலை. மேகமலையின் தேயிலைத் தோட்டங்களிலும் போடி மேலே உள்ள குரங்கணிப் பக்கத்திலும், பள்ளத்தாக்கில் கிடைக்கிற மாதிரி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தேற்றம் விரலில் நடக்கிறது, மலை மேல் இருக்கும் பிள்ளைக்கு அது அச்சிட்ட ஒரு வரியாகவே நிற்கிறது. புத்தகம் ஒன்றுதான், பாடம் இரண்டாகிவிடுகிறது.

இங்கேதான் அந்த மூன்றாவது வழி கைகொடுக்கும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ அமைத்திருக்கிறார்கள். நெட் நன்றாகக் கிடைக்கும் ஒரு நாளில் பொட்டலத்தை டவுன்லோடு செய்து லேப் சர்வரில் வைத்துவிட்டால், பிறகு நெட் போனாலும் வகுப்பு நிற்காது. பாடத்துக்கான வரைபடங்களையும் ஜியோஜீப்ரா தளத்திலிருந்து தனிக் கோப்புகளாக இறக்கிவைக்கலாம். போனிலேயே வேண்டும் என்றால், ஜியோஜீப்ராவின் ஆண்ட்ராய்டு செயலி ஆஃப்லைனிலும் ஓடும்.

சிக்னல் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்கவேண்டாம். 2021 டிசம்பரில் ஜியோஜீப்ராவை பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. அந்த பைஜூஸ் 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஜியோஜீப்ரா பக்கங்கள் அதன் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அரசுப் பாடப்புத்தகத்தில் அச்சான ஒரு முகவரி, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்தின் வரவு செலவைப் பொறுத்து நிற்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்காமல் அதிலுள்ள முகவரியை மாற்ற முடியாது. நம் சர்வரில் ஒரு நகல் இருந்தால், எந்த நிறுவனம் யார் கைக்குப் போனாலும் பாடம் நம்மிடம் இருக்கும்.

பழைய ஜார் கோப்பு கையில் இருக்கிறதா?

கல்லூரியில் பத்து, பதினைந்து வருடம் முன்னால் செய்த புராஜெக்ட், ஆசிரியர் ஒருவர் உழைத்துச் செய்த அறிவியல் விளக்கம் என்று பழைய சிடியில் ஜார் கோப்புகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்காகப் பழைய பிரவுசரை நிறுவவும் வேண்டாம். அது திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

முதலில், ஜிப் போலத் திறந்து உள்ளே மூல நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் சாதாரண ஜாவா அப்ளிகேஷனாக மாற்றிக் கணினியில் ஓட்டலாம். மூல நிரல் இல்லை, பக்கத்துக்குள்ளேயே ஓடவேண்டும் என்றால், ஃபெட் பயன்படுத்திய அதே சீர்ப்ஜே உதவும். பைட்கோடை எந்த பிளக்-இன்னும் இல்லாமல், இன்றைய பிரவுசர்களுக்குப் புரியும் ‘வெப் அசெம்ப்ளி’, ஜாவாஸ்கிரிப்ட் வழியாக அது ஓட்டும். குரோமுக்கு இதன் நீட்டிப்பும் உண்டு. எல்லா ஆப்லெட்டும் ஓடிவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. எளிய கணித, அறிவியல் விளக்கங்களுக்கு முயன்று பார்க்கலாம்.

கடைசியாக ஒரு செக்லிஸ்ட்

வெப் பக்கத்தில் எதைப் பதிப்பதாக இருந்தாலும், கணித ஆப்லெட்டோ வினாடி வினாவோ மேப்போ, ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது ஓட, பிரவுசர் தவிர வேறு எதையாவது நிறுவவேண்டுமா? ஆம் என்றால் யோசியுங்கள்.

2. போனில் ஓடுகிறதா? விரலால் இழுக்க வருகிறதா? அகலம் திரைக்குள் அடங்குகிறதா?

3. அந்தத் தளம் நாளை மூடினால், என்னிடம் நகல் இருக்கிறதா?

4. ஓடாத இடத்தில் என்ன தெரியும்? ஒரு படமாவது, இரண்டு வரி விளக்கமாவது வைத்திருக்கிறேனா?

5. இதற்கு எவ்வளவு அனுமதி கொடுக்கிறேன்? வேலி இருக்கிறதா?

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. பாதை மாறும் என்பது முன்கூட்டியே தெரிந்தும், மாற்று ஏற்பாடு இல்லாமல் பஸ்ஸில் தொங்கிய ஆண்டுகளை அந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். பிரவுசர்களின் பாதையும் மறுபடி மாறும். அந்த நாள் வரும்போது மேகமலைப் பள்ளியின் லேப் சர்வரில் ஒரு நகல் இருந்தால் போதும், அங்கே படிக்கும் பிள்ளையும் அந்தப் புள்ளியை இழுத்துப் பார்க்கலாம்.